அத்திப்பள்ளி தாண்டி ஒரு படம்: பெங்களூர் தமிழரும் தியேட்டரும், 2025 ஜூன்

2025 ஜூன் 5, வியாழக்கிழமை, காலைல ஆறே காலுக்கு அல்சூர்ல இருந்து கார் எடுத்தோம். நான், எங்க மாமா, அக்கா பையன், மூணு பேர். போறது ஓசூருக்கு, படம் பாக்க, கமலோட 'தக் லைஃப்' முதல் நாள். கிளம்பலாமா வேண்டாமான்னு முந்தின ராத்திரி பூரா குழப்பம், ஏன்னா அன்னிக்கு சாயங்காலம்தான் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல ஆர்சிபி ஜெயிச்ச கொண்டாட்டத்துல நெரிசல்ல மாட்டி 11 பேர் செத்துப் போயிருந்தாங்க, ஊரே கனத்துக் கெடந்துது. மாமாதான் காலைல அஞ்சு மணிக்கே குளிச்சு வெள்ளை சட்டை போட்டு ரெடியா உக்காந்திருந்தாரு. அவருக்கு அப்ப 74 வயசு. ஸ்ரீராமபுரம். பின்னி மில்லுல வேலை பாத்தவரு. கமல் படம் முதல் நாள் பாக்காம விட்டதே இல்லன்னு சொல்லுவாரு, விட்ட தடவையெல்லாம் அவரா விட்டதில்லன்னும் சேத்து சொல்லுவாரு.

சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி டோல், அதத் தாண்டினா ஜூஜூவாடி, தமிழ்நாடு. மொத்தம் நாப்பது கிலோமீட்டர் கிட்ட. தமிழ்நாட்டுல 9 மணிக்கு முன்னால ஷோ கெடயாது, அதனால டைம் இருந்துது. தியேட்டர் பார்க்கிங்ல எறங்கினதும் அக்கா பையன் சொன்னது, "மாமா, எல்லாம் நம்ம வண்டிதான்". பாத்தா கேஏ 01, கேஏ 03, கேஏ 51, வரிசையா நிக்குது. டீ கடைக்காரர் எங்ககிட்ட கன்னடத்துல பேசறாரு, உள்ள இருக்கறவர்கிட்ட தெலுங்குல பேசறாரு, ஓசூரே அப்படிப்பட்ட ஊர்தான். எங்க பின்னாடி சீட்டுல உக்காந்திருந்த நாலு பசங்க கன்னடக்காரங்க, எலக்ட்ரானிக் சிட்டில வேலை, கமல் ரசிகர்கள், லீவு போட்டு வந்திருக்காங்க.

படம் எப்படிங்கறது இந்த எழுத்துக்கு விஷயமே இல்ல. பெங்களூர்ல இத்தன தலைமுறையா வாழற ஒரு ஆள், தன் பாஷைல ஒரு படம் பாக்க ஏன் மாநில எல்லைய தாண்ட வேண்டி வந்துதுன்றதுதான் விஷயம். அத ஒரு கேஸா எடுத்து, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முன்னபின்ன எழுதிப் பாக்கறேன்.

நடந்தது என்ன

மே 24 அன்னிக்கு சென்னைல பாட்டு வெளியீட்டு விழா. கன்னட நடிகர் சிவராஜ்குமார் வந்திருந்தாரு. அவர முன்னால வச்சுகிட்டு கமல், உங்க பாஷையும் தமிழ்ல இருந்து பொறந்ததுதான்ற அர்த்தத்துல பேசினாரு. அவர் பாசத்துல சொன்னேன்னாரு, இங்க அது பாசமா வந்து சேரல. கன்னடத்துக்கு ரெண்டாயிரம் வருஷ வரலாறு இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சு வளந்த ஊர்ல, ஒங்க அம்மா எங்க அம்மாவோட பொண்ணுன்னு சொன்னா யாருக்கும் சுருக்குன்னுதான் இருக்கும். மொழியியல்படியும் அந்தப் பேச்சு சரி கெடயாது, ரெண்டும் ஒரே மூலத்துல இருந்து தனித்தனியா கெளைச்சு வந்த பாஷைங்கன்னுதான் திராவிட மொழிகள படிச்சவங்க சொல்றாங்க. இத ஒரு தமிழனா நான் தெளிவா சொல்லிடறேன்.

கர்நாடக ஃபிலிம் சேம்பர், அதாவது அங்க இருக்கற சினிமாக்காரங்க சங்கம், மன்னிப்பு கேக்கணும், இல்லன்னா படம் கெடயாதுன்னு கெடு வச்சுது. தயாரிப்பு தரப்பு ஹைகோர்ட்டுக்கு போச்சு, ஜூன் 3ம் தேதி கோர்ட்டும் ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சு போகுமேன்னு கேட்டுது. கமல் சேம்பருக்கு கடிதம் எழுதினாரு, கன்னடத்து மேல மரியாதை இருக்குன்னு எழுதினாரு, மன்னிப்புன்ற வார்த்தை மட்டும் அதுல இல்ல. இப்போதைக்கு கர்நாடகாவுல ரிலீஸ் பண்ணலன்னு அவங்களே கோர்ட்டுல சொல்லிட்டாங்க. ஜூன் 17ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சென்சார் சான்றிதழ் வாங்கின படத்த கும்பல் மிரட்டி நிறுத்த முடியாது, தியேட்டருக்கு பாதுகாப்பு குடுக்கறது அரசாங்கத்தோட வேலைன்னு கறாரா சொல்லிச்சு, ரெண்டு நாள் கழிச்சு மாநில அரசு பாதுகாப்பு தர்றோம்னு சொன்னதும் வழக்கு முடிஞ்சுது. ஆனா அதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடிப்போச்சு, கர்நாடகாவுல படம் தியேட்டருக்கு வரவே இல்ல. ஜூலை 3ம் தேதி நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துது, இந்தத் தடைக்கெல்லாம் ஆளாகாம எல்லார் வீட்டுலயும் ஓடிச்சு.

ஒரே படம், வீட்டுக்குள்ள பாத்தா யாருக்கும் ஆட்சேபணை இல்ல, நாலு பேர் கூடி உக்காந்து பாக்கறதுதான் பிரச்சனை. இங்க தடுக்கப்பட்டது படம்ன்றத விட, கூடி உக்காந்து பாக்கறதுதான்னு எனக்கு தோணுது.

கூடறதுன்னா என்னன்னு சொல்லணும்

பெங்களூர் தமிழன் எங்க இருந்து வந்தான்னு தமிழ்நாட்டுல இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் தெரியாது, ஐடி வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சுக்கறாங்க. 1809ல வெள்ளைக்காரன் ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்த பட்டாளத்த இங்க கொண்டு வந்து கண்டோன்மென்ட் போட்டான், அந்த பட்டாளத்தோட சிப்பாய், சமையல்காரர், வண்ணார், கொத்தனார், காய்கறி சப்ளை பண்றவர்னு ஆர்க்காடு, வேலூர் பக்கத்து ஜனம் வந்து எறங்கிச்சு. அல்சூர், இன்னிக்கு சிவாஜிநகர்னு சொல்ற அந்தக் கால பிளாக்பள்ளி, மர்ஃபி டவுன் எல்லாம் அப்படி நெறஞ்சுது. கப்பன் பார்க்குக்கு இந்தப் பக்கம் கண்டோன்மென்ட், அந்தப் பக்கம் பேட்டை, ரெண்டுக்கும் தனித்தனி நிர்வாகம், 1949லதான் ஒரே நகராட்சியா ஆச்சு. அதுக்கு அப்பறம் மில்லு. பின்னி, மினர்வா மாதிரி மில்லுங்களுக்கு ஆள் வந்து ஸ்ரீராமபுரம், ஓக்கலிபுரம், பிரகாஷ் நகர்னு மேக்கால இன்னொரு தமிழ்ப் பக்கம் உண்டாச்சு. 2011 சென்சஸ் படி பெங்களூர் மாவட்டத்துல 100க்கு 15 பேர் கிட்ட தமிழ் தாய்மொழின்னு சொன்னவங்க.

இந்த 15 பேரு தெருவுல எப்படி இருப்பாங்கன்னா, கன்னடம் பேசிகிட்டே இருப்பாங்க. கடைல, பஸ்ல, ஆபீஸ்ல, ஆட்டோல. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, எங்க ஊரு பாஷை அது, எனக்கு கனவு பாதி கன்னடத்துலதான் வருது, அக்கா பையனுக்கு தமிழ் எழுதப் படிக்கவே தெரியாது, ஓசூர் போர்ட எல்லாம் நான்தான் படிச்சு சொன்னேன். வீட்டுல தமிழ், வெளில கன்னடம். ஆனா வெளில, நாலு பேர் முன்னால, சத்தமா, தயங்காம தமிழ்ல கத்தற எடம்னு எங்களுக்கு இருந்தது மூணுதான். மாரியம்மன் கோயில் திருவிழா, சர்ச்சு, தியேட்டர். இதுல சாதி மதம் பாக்காம எல்லாரும் உக்காந்தது தியேட்டர் மட்டும்தான்.

மாமா சேஷாத்ரிபுரம் நடராஜ் தியேட்டரப் பத்தி பேசறத கேக்கணும். ஷிஃப்ட்டு முடிச்சு பஞ்சு தூசியோட நேரா போவாங்களாம், காந்தி க்ளாஸ் டிக்கெட், அதாவது திரைக்கு ஒட்டின முன் வரிசை, அந்தப் பேர கேட்டா இப்ப இருக்கற பசங்க முழிப்பாங்க. டிக்கெட் கிழிக்கறவர் கன்னடக்காரர், படம் ஆரம்பிச்சதும் கடைசி வரிசைல நின்னு அவரும் பாப்பாராம், ஒரு வசனத்துக்கு எல்லாரும் சிரிச்ச அப்பறம் ரெண்டு செகண்ட் லேட்டா அவர் சிரிப்பாராம். மாமாவுக்கு அம்பது வருஷத்துக்கு அப்பறமும் அந்த லேட் சிரிப்பு ஞாபகம் இருக்கு.

தியேட்டர் போன கதை

மெஜஸ்டிக்னு ஊர்ல எந்த பஸ் கண்டக்டரும் கூவறாங்களே, அது ஒரு தியேட்டரோட பேரு. தியேட்டர் எப்பவோ போச்சு. கெம்பேகௌடா ரோட்டுல வரிசையா நின்ன தியேட்டர்கள்ல முக்காவாசி இன்னிக்கு ஜவுளிக்கடை, ஹோட்டல், காம்ப்ளக்ஸ். 1968ல திறந்த கபாலி, சினிராமான்னு அகலத் திரைக்கு பேர் போனது, அதையும் இடிச்சாச்சு. எம்ஜி ரோட்டுல 1936ல கட்டின பிளாசா மெட்ரோவுக்கு போச்சு, 2011 அக்டோபர்ல முதல் ரயில் ஓடினப்போ அந்த எடத்துல ஸ்டேஷன் நின்னுது. லிடோ இருந்த எடத்துல மால். ரெக்ஸ் 2018 டிசம்பர் 31 ராத்திரியோட மூடினாங்க. சாங்கி ரோடு காவேரி 1974ல திறந்தது, சரியா அம்பது வருஷம் ஓடி 2024ல முடிஞ்சுது, தரைமட்டமாக்கினப்போ போட்டோ எடுத்து பேப்பர்ல போட்டாங்க. சிவாஜிநகர் எல்ஜின், ஊர்லயே ரொம்பப் பழசானதுகள்ல ஒண்ணு, அதுவும் இல்ல.

ஏன் போச்சுன்னா பாதி காரணம் நிலம். மெயின் ரோட்டுல ஒரு ஏக்கர் கிட்ட எடம், உள்ள ஆயிரம் சீட்டு, வார நாள்ல அறுபது பேர் படம் பாக்கறாங்க, அதே எடத்துல ஆபீஸ் கட்டினா மாசா மாசம் வாடகை. ஓனர் பையன் அமெரிக்காவுல இருக்கான், அவனுக்கு தியேட்டர் எதுக்கு. இத யார் மேலயும் கோபமா சொல்லல, கணக்கு அப்படித்தான் வருது. இன்னொரு பாதி, மில்லு மூடினது. மில்லு இருந்தா ஷிஃப்ட்டு இருக்கும், ஷிஃப்ட்டு இருந்தா நடந்து போற தூரத்துல தியேட்டர் இருக்கும். பின்னி மில்லு நெலத்துல இப்ப அடுக்குமாடி நிக்குது, அதுல இருக்கறவங்க மாலுக்கு கார்ல போறாங்க.

தமிழ்ப் படத்துக்கு இன்னும் சில சுமை தனியா இருந்துது. ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னால கன்னடப் படத்துக்கு கேளிக்கை வரி விலக்கு, மத்த பாஷைக்கு வரி உண்டு. 2004ல வேற மாநிலத்துல ரிலீஸ் ஆகி ஏழு வாரம் கழிச்சுதான் இங்க போடணும்னு சேம்பர் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்துது, அந்த சமயத்துல கூட ஓசூருக்கு பஸ் ஏறினவங்க எங்க தெருவுல உண்டு. வழக்கம் அப்பவே ஆரம்பிச்சுடுச்சு.

மன்னிப்பு வரிசை

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தோட இடைக்கால உத்தரவு கெஜட்ல வந்ததும் பெங்களூர்ல தமிழர் பகுதிங்க எரிஞ்சுது, உயிர்கள் போச்சு, குடும்பம் குடும்பமா ரயில் ஏறினாங்க. எங்க அம்மா வீட்டு சுவத்துல இருந்த தமிழ் காலண்டர கழட்டி அரிசி டப்பாவுக்கு அடில வச்சத நான் பாத்திருக்கேன். ரெண்டு ராத்திரி எங்கள தன் வீட்டுல படுக்க வச்சது எதுத்த வீட்டு கன்னட ஆன்ட்டி, அவங்க வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க, தூங்கவே இல்ல. இந்த ரெண்டையும் சேத்துதான் சொல்ல முடியும், ஒண்ண விட்டு ஒண்ணு சொன்னா பொய்யாப் போயிடும்.

அதே 1991ல அல்சூர் ஏரிகிட்ட வச்ச திருவள்ளுவர் சிலை 18 வருஷம் துணி மூடியே நின்னுது. ஸ்கூலுக்கு போற வழில அந்த மூட்டைய பாத்துதான் வளந்தேன். 2009 ஆகஸ்ட்ல கருணாநிதியும் எடியூரப்பாவும் சேந்து திறந்தாங்க, நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தாங்க. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு கொடுக்கல் வாங்கல் பண்ணித்தான் ஒரு கவிஞர நிக்க வைக்க முடிஞ்சுது.

சினிமாவும் இதே மாதிரிதான். 2000ல கன்னட நடிகர் ராஜ்குமார வீரப்பன் கடத்திட்டுப் போன 108 நாள்ல தமிழ்ப் படம் நின்னு போச்சு. 2008ல ஒகேனக்கல் குடிநீர் திட்ட விவகாரத்துல ரஜினி பேசினது, அப்பறம் வருத்தம் தெரிவிச்ச பிறகு அவர் படம் வந்தது. 2017ல சத்யராஜ் ஒம்பது வருஷத்துக்கு முந்தின காவிரி பேச்சுக்கு வருத்தம் சொல்லி பாகுபலி ரெண்டாம் பாகத்த விடுவிச்சாரு. 2018ல ரஜினியோட 'காலா', சேம்பர் தடைன்னுச்சு, ஹைகோர்ட்டு பாதுகாப்பு குடுங்கன்னுச்சு, படம் எப்படியோ வந்துது. சென்னைலயோ வேற எங்கயோ ஒருத்தர் பேசுவாரு, இல்லன்னா ஒரு உத்தரவு வரும், பெங்களூர்ல படம் பணயமாப் பிடிக்கப்படும், மன்னிப்போ கோர்ட்டோ வந்து மீட்கும். பேசினவருக்கு ஒரு மார்க்கெட் போகும், தடுத்தவருக்கு பேர் வரும், டிக்கெட் வாங்க நிக்கற ஸ்ரீராமபுரத்துக்காரன யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவன் எந்த மேடையிலயும் பேசல, எந்த அணையையும் திறக்கவும் இல்ல மூடவும் இல்ல.

2025ல ஏன் வேலை செஞ்சுது

2018ல மீறி வந்த படம் மாதிரி 2025ல ஏன் வரலன்னு யோசிச்சா, மன்னிப்பு கேக்காததுதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. அது ஒரு காரணம். எனக்குத் தோணற இன்னொண்ணு தியேட்டர் மாறிப்போனது.

நம்ம ஏரியா சிங்கிள் ஸ்க்ரீன் ஓனருக்கு ஒரு பெரிய தமிழ்ப் படம்னா மூணு மாச வருமானம். அது நின்னா அவர் போய் சங்கத்துல சண்டை போடுவாரு, போலீஸ் ஸ்டேஷன்ல உக்காருவாரு, லோக்கல் கவுன்சிலர பிடிப்பாரு, ஏன்னா அவர்கிட்ட இருக்கறது ஒரே திரை. 2000ல அத்தன பதட்டத்துக்கு அப்பறமும் தமிழ்ப் படம் திரும்ப வந்ததுக்கு அந்த மாதிரி ஓனர்களோட பொழப்பும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன், அவங்கள்ல நெறைய பேர் கன்னடக்காரங்க. மல்டிபிளக்ஸுக்கு அந்த அவசரம் கெடயாது. பதினோரு ஸ்க்ரீன்ல ஒரு தமிழ்ப் படம் வரலன்னா அந்த ஷோவுல இந்திப் படமோ இங்கிலீஷ் படமோ போடுவாங்க, பாப்கார்ன் அதே வெலை. படத்த போட முடியாதத எதுத்து குரல் குடுக்கறதுக்கு ஆளே இல்லாமப் போச்சு. ஒரு ஊர்ல தியேட்டர் போறதுன்னா கட்டடம் போறதுன்னுதான் நெனச்சிருந்தேன், அந்த ஓனர் மாதிரி ஒரு ஆளும் அதோட போறாருன்னு எனக்கு 2025லதான் ஒறைச்சுது.

கன்னடத்துக்காரங்க பக்கத்த இங்க சொல்லாம விட முடியாது. மேல சொன்ன அதே சென்சஸ்ல பெங்களூர் மாவட்டத்துல கன்னடம் தாய்மொழின்னு சொன்னவங்க பாதிக்கும் கொறவு. தன் மாநிலத் தலைநகர்லயே பாதி கூட இல்லன்றது சின்ன பயம் இல்ல. இடிஞ்ச தியேட்டர்ல கபாலியும் காவேரியும் அவங்களோட தியேட்டர், எங்க நடராஜுக்கு மாமா எப்படியோ அப்படி அவங்களுக்கும் ஒரு மாமா இருப்பாரு. கன்னடப் படத்துக்கு நல்ல ஷோ டைம் கெடைக்காம போறதும் மல்டிபிளக்ஸ்லதான். ரெண்டு பேருக்கும் நெலத்த புடுங்கினது ஒரே கை, ஆனா கோபம் பக்கத்து வீட்டு மேல போகுது, ஏன்னா அந்தக் கைக்கு மூஞ்சி இல்ல, பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருக்கு. 2023 ஆகஸ்ட்ல 'ஜெயிலர்' ஓடினப்போ நான் பாத்தேன், சிவராஜ்குமார் சுருட்டோட வந்து உக்காந்ததும் தியேட்டர் கிழிஞ்சுது, யார் கன்னடம் யார் தமிழ்னு சத்தத்துல பிரிக்கவே முடியல. ரெண்டு வருஷம் கழிச்சு அதே சிவராஜ்குமார் வந்திருந்த விழாவுல இருந்துதான் இந்தப் பிரச்சனை வந்துதுன்றது எனக்கு இன்னும் வலிக்குது.

ஆகஸ்ட்

ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 14, ரஜினியோட 'கூலி'. இந்தத் தடவ தடை எதுவும் இல்ல. பெங்களூர்ல காலைல ஆறு மணி, ஆறரை மணிக்கெல்லாம் ஷோ, தமிழ்நாட்டுல வழக்கம் போல ஒம்பது மணிக்குத்தான். சில மல்டிபிளக்ஸ்ல டிக்கெட் 2,000 ரூபா வரைக்கும் போச்சு. மார்ச் பட்ஜெட்லயே 200 ரூபாதான் உச்சவரம்புன்னு மாநில அரசு அறிவிச்சிருந்துது, செப்டம்பர்லதான் உத்தரவு வந்துது, அதே மாசம் ஹைகோர்ட்டு அத நிறுத்தி வச்சுது. நாங்க வீட்டுக்கு பக்கத்துல மிச்சம் இருக்கற ஒரு சிங்கிள் ஸ்க்ரீனுக்கு போனோம். மாமா ரஜினி ரசிகர் கெடயாது, ஆனா வந்தாரு. பெங்களூர்ல மராட்டி வீட்டுல பொறந்து, இங்க சிட்டி பஸ்ல டிக்கெட் கிழிச்சு, தமிழ்ல உசந்த ஆளு ரஜினி, ஒங்க ஊர்க்காரன் பாஷை எதுன்னு கேட்டா நாங்க எல்லாரும் அவரத்தான் காமிப்போம்.

அஞ்சரை மணி, இன்னும் இருட்டு, வாசல்ல மேளம். ரோட்டோரம் வண்டி நிறுத்த எடம் தேடினப்போ அக்கா பையன் என் தோள தட்டி காமிச்சான், வரிசையா பைக்கும் காரும், டிஎன் 70, டிஎன் 70, டிஎன் 70. ஓசூர் நம்பர். ஒம்பது மணி வரைக்கும் பொறுக்க முடியாம ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டி வந்திருக்காங்க.

மாமா ஒரு பையன்கிட்ட போய் நின்னாரு. "எங்கருந்துப்பா வர்றீங்க?"

"ஓசூர் தாத்தா. பாகலூர் ரோடு."

"அத்திப்பள்ளில டிராஃபிக்கா?"

"இல்ல தாத்தா, மூணு மணிக்கே கெளம்பிட்டோம், ரோடு ஃப்ரீயா இருந்துச்சு."

"நாங்க ஜூன்ல அங்க வந்தோம்," மாமா சொன்னாரு. அந்தப் பையனுக்கு எதுக்குன்னு புரியல, இருந்தாலும் தலைய ஆட்டினான். அதுக்குள்ள கேட்ட தொறந்துட்டாங்க, பின்னாடி இருந்து தள்ள ஆரம்பிச்சாங்க, நான் மாமா கைய கெட்டியா பிடிச்சுகிட்டேன்.